ஆறு ரூபாய்க்கு ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியை நான் நன்றாக அறிவேன். அறிந்திருந்தும் அஞ்சவில்லை. ஏனென்றால், நான் வீட்டைக் கட்டப் போகவில்லை. யாரோ எப்பொழுதோ கட்டி முடித்த வீட்டை வாங்கத்தான் போனேன். வாங்குவதைப் பற்றிப் பழமொழியில் ஒரு வார்த்தையும் இல்லையல்லவா?

நான் ஒரு கணக்கு உபாத்தியாயர். கணிதத்தில் பட்டம் பெற்றவன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் கூட்டு வட்டி கற்பிப்பவன். இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கதையின் நடுவில் தெரியவந்தால், "இவரா கணக்கு உபாத்தியாயர்?" என்று நேயர்கள் என்மீது ஐயங்கொள்ளக்கூடும்.

கும்பகோணத்தில் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே பதினேழு வருஷங்களில் நான்கு வாடகை வீடுகளில் குடியிருந்தோம். நான்காவது வீட்டுக்கு மாதம் 7,000 ரூபாய் வாடகை. எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் ஒருநாள் இடைவேளையில், "வாடகை கொடுக்கிறவன் அயலான் கடனை அடைக்கிறான், வாடகை வாங்குகிறவன் தன் கடனை அயலானைக்கொண்டு அடைக்கிறான்" என்று ஒரு சூத்திரம் சொன்னார். அவர் படம் வரைவதில்கூட அவ்வளவு தெளிவைக் காட்டியதில்லை. அந்த வாக்கியம் என் நெஞ்சில் ஆணியடித்தாற்போல் தங்கிவிட்டது.

இரண்டு குடித்தனம் இருக்கக்கூடிய பழைய வீடு ஒன்றை வாங்குவது. பின்கட்டில் நாம் இருப்பது. முன்கட்டை வாடகைக்கு விடுவது. இதுதான் திட்டம். தரகர் காட்டிய ஏழாவது வீடு அதற்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. வாசலில் திண்ணை, பிறகு ரேழி, நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கொல்லையில் கிணறு. முன்கட்டுக்குமேல், தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு அவற்றின்மேல் செங்கல்லைக் குத்துவசமாகச் சுண்ணாம்பில் அடுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' தளம். கூடத்து உத்திரத்திலிருந்து ஓர் ஊஞ்சல் தொங்கிக்கொண்டிருந்தது. விலை 25 லக்ஷம் ரூபாய். "2028இல் மகாமகம் வருகிறது, அப்பொழுது இந்தத் தெருவில் திண்ணைக்குக்கூட வாடகை கேட்கலாம்" என்றார் தரகர். நான் சிரித்தேன். ஆனால், மனத்துக்குள் அதையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டேன் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன்.

2021ஆம் வருஷம் பாங்கிகள் நூற்றுக்கு 7 வட்டியில் வீட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. எனக்கு வயது அப்பொழுது நாற்பது. 20 லக்ஷம் ரூபாயை 20 வருஷத்தில், அதாவது நான் ஓய்வு பெறும் வயதில், அடைத்து முடிப்பதானால் மாதத் தவணை 15,506 ரூபாய். முன்கட்டுக்கு 8,500 ரூபாய் வாடகை வரும் என்றார்கள். நாங்கள் கொடுத்துவந்த 7,000 ரூபாய் மிச்சம். இரண்டையும் கூட்டினால் 15,500. ஆகவே, மாதம் ஆறே ரூபாயில் எனக்கு ஒரு வீடு கிடைக்கிறது! இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, என் மனைவியிடம் நீட்டினேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "இதில் மழையைச் சேர்த்தீர்களா?" என்று கேட்டாள்.

"மழைக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

பாங்கி 20 லக்ஷம் கொடுத்தது. பாக்கி 5 லக்ஷம் என் பொறுப்பு. அதோடு, அந்நாளில் தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 4 சதவிகிதம். ஆக 2,75,000 ரூபாய். இந்தத் தொகையைப் பாங்கி கடனில் சேர்ப்பதில்லை. வீட்டின் விலையைத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். இந்தப் பதினொரு சதவிகிதத்தை யாரும் பேரம் பேச முடியாது. (2023ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 சதவிகிதமாகக் குறைத்தார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பை உயர்த்தினார்கள்.) இவை தவிரப் பழுதுபார்க்கும் செலவு. அதற்கு நான் 4 லக்ஷம் ஒதுக்கியிருந்தேன். பதினேழு வருஷச் சேமிப்பு 10 லக்ஷம். சீட்டுப் பணம் 3 லக்ஷம். இரண்டும் சேர்ந்தால் 13 லக்ஷம். போதும் என்று எண்ணினேன்.

என் மனைவியிடம் அவள் தாயார் விட்டுச் சென்ற ஐந்து பவுன் இரட்டைவடச் சங்கிலி ஒன்று இருந்தது. "எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் கேட்காதீர்கள்" என்றாள். "கேட்கவே மாட்டேன்" என்று வாக்களித்தேன். அந்த வாக்கை நான் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன். எப்படிக் காப்பாற்றினேன் என்பது பின்னால் வரும்.

* * *

வீட்டை விற்றவர்கள் இரண்டு சகோதரர்கள். தகப்பனார் தாம் சம்பாதித்து வாங்கிய வீடு, அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார், தாயாரும் இல்லை. வில்லங்கச் சான்றை இக்காலத்தில் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குப் பார்த்தேன். ஓர் அடமானம் இல்லை. ஒரு வழக்கு இல்லை. கண்ணாடிபோல் இருந்தது. உச்சி குளிர்ந்துவிட்டது.

பாங்கியின் வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு, "இவர்களுக்குச் சகோதரி உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

உண்டு. திருவாரூரில் இருந்தாள்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தாம் தெரியும். இறந்தவருடைய வாரிசுகள் தெரியமாட்டார்கள். உயிலின்றி இறந்த தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். அதை அறியாமலோ, அறிந்துமோ, "அவளுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டுச் செய்தாகிவிட்டது ஸார்!" என்றார் மூத்தவர். வக்கீல், "அப்படியானால் அதை அந்த அம்மாளே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்" என்று காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூத்தவரும் நானும் திருவாரூருக்குப் போனோம். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். காப்பி கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தமையனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக் காரியம் எதற்கும் என் கையெழுத்தை ஒருவரும் கேட்டதில்லை. இப்பொழுதுதான் அதற்கும் ஒரு விலை உண்டு என்று தெரிகிறது."

நான் தலைகுனிந்தேன். உண்மையைச் சொன்னால், பங்கு கொடுக்காமல் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிவிட்டால் காரியம் சீக்கிரம் முடியுமே என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. வகுப்பில் நியாயம் பேசுவது எளிது. தன் காரியம் நடுவில் நிற்கும்போதுதான் நியாயத்தின் கனம் தெரிகிறது. நல்ல வேளையாக, அந்த அம்மாள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. மூவரும் சேர்ந்து விற்பதாகவே கிரயப் பத்திரம் எழுதப்பட்டது. மூன்றில் ஒரு பங்கான 8,33,333 ரூபாய்க்கு அவர் பெயரிலேயே காசோலை கொடுத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "கூடத்து ஊஞ்சல் பலகையை நான் எடுத்துக்கொள்ளலாமா? அப்பா எனக்கு அதில்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்."

பலகையோடு சங்கிலிகளையும் எடுத்துப் போனார். உத்திரத்தில் நான்கு இரும்பு வளையங்கள் மட்டும் மிஞ்சின.

* * *

இனி மழைக்கு வருவோம்.

வீடு கைக்கு வந்ததும் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினேன். முன்கட்டுச் சுவர்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது. மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். "பழசையெல்லாம் சுரண்டிவிட்டு ஸிமெண்டு பூசிவிடுவோம். பத்து நாள் வேலை. கல்மாதிரி நிற்கும்" என்றார். 'கல்மாதிரி' என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. 80,000 ரூபாய் கொடுத்துப் பூசினேன். வர்ணமும் அடித்தேன். அவ்வருஷம் நவம்பரில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொங்கலுக்குள் அந்தக் கல்போன்ற சுவர் அம்மை போட்ட முகம்போல் ஆகிவிட்டது. இடுப்பு உயரம்வரை கொப்புளம்; கொப்புளத்தின்மேல் வெள்ளை உப்பு; தொட்டால் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.

தெருக்கோடியில் இருந்த எழுபது வயதுக் கொத்தனார் ஒருவரை என் மனைவி அழைத்து வந்தாள். அவர் சுவரை ஒரு முறை தட்டிப் பார்த்தார். மறுபடி ஒரு முறை முகர்ந்து பார்த்தார்.

"வாத்தியாரையா, இந்தச் சுவர் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது. தரையிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். வெயில் வந்தால் மூச்சு விட்டு அதை வெளியே தள்ளிவிடும். நீங்கள் அதன் மூக்கைப் பொத்திவிட்டீர்கள்" என்றார்.

நான் பிற்பாடு விசாரித்து அறிந்த அளவில் அவர் சொன்னதே சரி. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஈரம் தடுக்கும் அடுக்கு அஸ்திவாரத்தின்மேல் கிடையாது. சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக ஈரம் ஆவியாகிப் போய்விடும். ஸிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய நீர், கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து பூச்சையே பிளக்கிறது. பழைய சுவருக்குப் பழைய பூச்சுதான் வைத்தியம்.

80,000 ரூபாய்ப் பூச்சைச் செதுக்கி எடுக்க 30,000 ரூபாய் ஆயிற்று. பிறகு கொத்தனார் தம் முறைப்படி தொடங்கினார். சுண்ணாம்பை நீர்விட்டு நீற்றிப் பல நாள் ஊறவைத்தார். கடுக்காயையும் வெல்லத்தையும் தனியே ஊறவைத்து, அந்த நீரை விட்டு மணலோடு அரைத்தார். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே நாள்கணக்கில் காத்திருந்தார். "அவசரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்" என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன். என் மனைவிதான் அவரோடு இருந்து வேலை வாங்கினாள். மாடித் தளத்தைத் தாங்கிய பதினொரு தேக்குக் கட்டைகளில் மூன்றைக் கறையான் அரித்திருந்தது. சுவருக்குள் சொருகிய முனை ஈரம்பட்டு மெத்தென்றிருந்தது. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய தேக்கு வாங்கி மாற்றினோம்.

4 லக்ஷம் என்று நான் ஒதுக்கிய செலவு 6,80,000 ரூபாயில் வந்து நின்றது. பத்திரச் செலவு, வக்கீல் கட்டணம் முதலிய சில்லறைகள் 45,000. ஆக, 25 லக்ஷம் ரூபாய் வீட்டுக்கு மொத்தம் 35 லக்ஷம் ஆயிற்று. குறைந்த 2 லக்ஷத்தை மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கினேன். 2022ஆம் வருஷம் ஆனி மாதத்தில் முன்கட்டுக்குக் குடித்தனம் வந்தது. வாடகை, சொன்னபடியே 8,500. 'ஆறு ரூபாய் வீடு' என் கணக்குப்படி ஓடத் தொடங்கிவிட்டதாக நான் நம்பினேன்.

* * *

நேயர்கள் இங்கே சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டும். இதுதான் நான் கடைசியில் கற்ற பாடம்.

2019ஆம் வருஷம் அக்டோபர் முதல், பாங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை 'ரெப்போ' விகிதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டிவிட வேண்டும் என்று ரிஸர்வ் பாங்கி விதித்தது. நான் கடன் வாங்கியபோது அந்த விகிதம் 4 சதவிகிதம். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ஆறு முறை உயர்த்தி அதை 6.5 சதவிகிதமாக்கினார்கள். அதனால் என் வட்டி 7லிருந்து 9.5 ஆகிவிட்டது.

இது செய்தித்தாளில் வராமலில்லை. நான் படிக்காமலுமில்லை. ஆனால், மாதந்தோறும் என் கணக்கிலிருந்து போகும் தவணை அதே 15,506 ரூபாயாகவே இருந்தது. ஒரு ரூபாய் கூடவில்லை. ஆகையால், அந்தச் செய்தி யாருக்கோ வந்த காய்ச்சல் என்று இருந்துவிட்டேன்.

2023 ஏப்ரல் மாதக் கடைசி. முழு ஆண்டுத் தேர்வுக்குக் கூட்டு வட்டியில் ஒரு கணக்குச் சேர்க்க எண்ணினேன். புத்தகக் கணக்காக இல்லாமல் உண்மையான கடன் ஒன்றையே கொடுப்போமே என்று என் கடன் கணக்கைப் பாங்கியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கடன் வாங்கிய முதல் மாதம், 15,506 ரூபாயில் வட்டிக்கு 11,667, அசலுக்கு 3,839 போயிருந்தது. பார்வையைக் கீழே ஓட்டினேன். அசல் பகுதி மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாக வளர வேண்டும். அதற்கு மாறாக அது தேய்ந்துகொண்டே வந்தது. அந்த ஏப்ரல் மாதத் தவணையில் வட்டி 15,423 ரூபாய். அசலில் கழிந்தது எண்பத்து மூன்று ரூபாய்.

இருபது மாதமாகத் தவணை கட்டியிருந்தேன். 3,10,000 ரூபாய்க்குமேல் கட்டியாகிவிட்டது. கடன் இன்னும் 19 லக்ஷத்து 48 ஆயிரமாக நின்றது! இதே தவணை, இதே வட்டி என்றால் கடன் எப்பொழுது தீரும் என்று கணக்கிட்டேன். ஏறக்குறைய 55 வருஷம் வந்தது. என் தொண்ணூற்றேழாம் வயதில் வீடு எனக்குச் சொந்தமாகும்.

தவணை மாறாதது என்மீது வைத்த கருணையால் அல்ல. கூடிய வட்டியெல்லாம் காலத்தில் ஏறியிருந்தது. நோவு தெரியாமல் நோய் வளர்ந்தது. வினாத்தாளில் அந்தக் கணக்கை நான் சேர்க்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் விடை கண்டுபிடித்துவிடுவார்களே என்ற வெட்கம்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். மூன்று மாதம் என் மனைவியிடம் சொல்லவில்லை. இரவில் எழுந்து தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். கேட்டால் பள்ளிக்கூடத்து வேலை என்பேன். ஆடி மாதத்தில் ஒருநாள் அவளே என் மேசையைத் துடைக்கும்போது அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். அவள் கணிதப் பட்டம் பெற்றவள் அல்லள். ஆனால், 55 என்ற எண்ணுக்கு அடியில் நான் போட்டிருந்த கோடுகளை அவளுக்குப் படிக்கத் தெரிந்தது.

"எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டாள்.

"சித்திரையிலிருந்து."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "சுவர் மாதிரிதான் நீங்களும். உள்ளேயே வைத்துப் பொத்திக்கொண்டீர்கள்" என்றாள். அவ்வளவுதான்.

பாங்கிக்குப் போனோம், இந்த முறை இருவரும். வட்டி ஏறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று ரிஸர்வ் பாங்கி அந்த ஆகஸ்டு மாதம் 18ஆம் தேதிதான் உத்தரவிட்டிருந்தது. பழைய காலத்துக்குள்ளேயே கடனை முடிக்க மாதம் 18,700 ரூபாய்க்குமேல் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. என்னால் முடிந்த உச்சவரம்பு 18,000. தனி மனிதர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் விதிக்கக் கூடாது என்பது 2012 முதல் உள்ள விதி. ஆனால், முன்கூட்டி அடைக்கப் பணம் எங்கே?

ஆவணி மாதத்தில் ஒருநாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். மேசைமேல் 2 லக்ஷம் ரூபாய் இருந்தது. அவள் கழுத்தில் மஞ்சள் சரடு மட்டும் இருந்தது.

"நீங்கள் கேட்கவில்லை. வாக்குத் தவறவில்லை" என்றாள்.

மறுநாளே அந்தப் பணத்தை அசலில் கட்டினோம். தவணையையும் 18,000 ரூபாயாக உயர்த்திக்கொண்டோம். 55 வருஷம், பதினைந்தரை வருஷமாகச் சுருங்கிற்று. கடன் நான் ஓய்வு பெறுமுன்பே தீர்ந்துவிடும். 2025ஆம் வருஷத்தில் ரிஸர்வ் பாங்கி நான்கு முறை விகிதத்தைக் குறைத்து 5.25 சதவிகிதமாக்கியது. என் வட்டியும் இறங்கிற்று. தவணையைக் குறைத்துக்கொள்ளலாமே என்றார்கள். குறைக்கவில்லை. இறங்கிய வட்டி அசலைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

* * *

இந்த வீடு நல்ல முதலீடா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்குப்படி சொல்கிறேன். முன்கட்டு வாடகையையும் நான் மிச்சப்படுத்தும் வாடகையையும் சேர்த்தால் வருஷத்துக்கு 1,86,000 ரூபாய். 35 லக்ஷத்துக்கு அது ஐந்தேகால் சதவிகிதம். இதிலிருந்து சொத்து வரியும், வருஷா வருஷம் ஓட்டுக்கும் சுவருக்கும் ஆகும் செலவும் போக வேண்டும். ஐந்து சதவிகிதம் தரும் பொருளை ஒன்பதரை சதவிகிதக் கடனில் வாங்கினேன். விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்ப வேண்டும். என் ஆறு ரூபாய்க் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. ஆனால், என் சொந்தப் பணம் 15 லக்ஷத்துக்கு அதில் இடமில்லை, மாறும் வட்டிக்கு இடமில்லை, மழைக்கும் இடமில்லை.

என்னைப்போல் முதல் வீடு வாங்கப் புறப்படும் அன்பர்களுக்கு ஐந்து வார்த்தை. வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், "சகோதரி உண்டா?" என்று கேளுங்கள். பழைய வீட்டைத் தொடுமுன், அது எதனால் கட்டியது என்று அறிந்த கொத்தனாரிடம் காட்டுங்கள். பழுதுச் செலவுக்கு நீங்கள் நினைப்பதில் பாதியை மேலும் ஒதுக்கி வையுங்கள். தவணைத் தொகையைப் பார்த்துத் திருப்தியடையாமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதில் அசலுக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். கணக்குத் தவறினால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இப்பொழுது வருஷந்தோறும் என் வகுப்பில் அந்தக் கணக்கைக் கொடுத்துவிடுகிறேன். 'ஒருவர் 20 லக்ஷம் ரூபாய் கடன் வாங்கினார்...' என்று தொடங்கும். எண்பத்து மூன்று ரூபாயைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த ஒருவர் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நாங்கள் சங்கிலியை விற்ற பிறகு தங்கம் ஏறத் தொடங்கிற்று. 2025 முடிவதற்குள் அது இரு மடங்கைத் தாண்டிவிட்டது. வீட்டின் விலை அப்படி ஏறவில்லை. இதைப் பற்றி என் மனைவி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. காலையில் செய்தித்தாளை எனக்குக் கொடுக்கும்போது தங்க விலை போடும் பக்கத்தை உட்புறமாக மடித்துக் கொடுக்கிறாள்.

சென்ற பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கூடத்து உத்திரத்திலிருந்த நான்கு வளையங்களையும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். "கடன் தீர்ந்ததும் முதல் வேலை உனக்குச் சங்கிலி வாங்குவதுதான்" என்றேன்.

அவள் அண்ணாந்து வளையங்களைப் பார்த்தாள். "நான்கு வேண்டும். இரும்பிலேயே வாங்குங்கள். பலகைக்கும் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்" என்றாள்.